இன்னாசிமுத்துவின் இருபத்தைந்து சுருட்டுகள்

சம்மனசு தெருவில் நாலு வாரம் யாருக்கும் அழுகை வராமல் போன அந்த வருஷத்தில், நல்ல தண்ணீர் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அருளாயி ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது, தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பூட்டும் சின்ன வெங்காயமும் சுருட்டும் லாரி லாரியாக வெளியூருக்குப் போகிற ஊர் அது, தண்ணீர் மட்டும் வெளியூரிலிருந்து வரவேண்டும். அந்தத் தண்ணீரைத் தெருத் தெருவாகத் திறந்துவிடுகிற வேலை அருளாயியின் புருஷன் இன்னாசிமுத்துவுக்கு. ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவார், குழி மூடியைத் தூக்குவார், திருகுவார், மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி திருகி அடைப்பார். கடைசி வால்வை அடைத்த பிறகு குழி விளிம்பில் உட்கார்ந்து ஒரே ஒரு சுருட்டு பிடிப்பார். ஒரு நாளைக்கு ஒன்று, கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக, மலையடிவாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்காரர்கள் சுற்றுகிற சுருட்டு. அந்த வீட்டுக்காரர்கள் தொழிலை விட்டுவிட்டு மகனோடு கோயமுத்தூர் போனபோது, மிச்சமிருந்ததை எல்லாம் இவர் வாங்கிக்கொண்டு வந்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் சுருட்டைப் பற்றவைக்கும் முன்னாலேயே குழியோரம் சரிந்து விழுந்தார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கிடத்தினார்கள். அருளாயிக்கு எப்போதும் எதையாவது நினைத்துக் கவலைப்படுகிற மனசு. அடுப்பை அணைத்தோமா, கொடியில் துணியை எடுத்தோமா, ஊறப்போட்ட உளுந்து புளித்துப் போயிருக்குமா என்று ஐம்பத்திரண்டு வயதுக்குள் நூறு வருஷக் கவலையைப் பட்டு முடித்தவள். அப்படிப்பட்டவள் செத்த புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு, தூக்கி வந்தவர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வால்வை அடைச்சாரா?"

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அடக்கத்தன்றும் இல்லை, முப்பதாம் நாள் பூசையன்றும் இல்லை. அழக்கூடாது என்று இருக்கவில்லை, வற்றிய கிணற்றில் வாளியை விட்ட மாதிரி அடியில் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. இன்னாசிமுத்துவின் அக்கா அமலோற்பவம் அந்தக் கேள்வியை விடவில்லை. தெருவில் யாராவது குழாயடியில் நின்றால் போதும், என் தம்பி பிணமாகக் கிடக்கும்போது அவளுக்குத் தண்ணீர்க் கவலை என்று ஆரம்பித்துவிடுவாள். மகள் ரீத்தாகூட ஒருநாள் திருப்பூரிலிருந்து போனில் பேசும்போது, நீ ஒரு சொட்டாவது அழுதிருக்கலாம்மா என்று சொன்னாள். அருளாயி ஆமாம் என்றாள்.

ரீத்தாவுக்கு வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்த பிறகு, தொட்டில் கம்பைத் தேடிப் பரணில் ஏறியபோதுதான் அந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே சிவப்பு நூலால் கட்டிய ஒரு கட்டு, இருபத்தைந்து சுருட்டு. எட்டு மாதமாகப் பரணின் சூட்டில் கிடந்து சுள்ளியைப் போல எடை இல்லாமல் ஆகியிருந்தன. ஒன்றை விரலால் லேசாக அழுத்தினாள், சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது, நுனி பொடியாக உதிர்ந்தது.

சம்மனசு தெருவில் ஒரு வழக்கம். கார்த்திகைக்கு முன்னால் வருகிற கல்லறைத் திருநாளில், அந்த வருஷம் செத்தவர் புகைபிடித்தவர் என்றால், அவர் பிடித்த அதையே அவருடைய சம்சாரம் தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, கல்லறையின் தலைமாட்டு மண்ணில் செங்குத்தாக நட்டு வைக்க வேண்டும். தெரு முழுக்கச் சுற்றி நிற்கும். மண்ணைத் தொடுகிறவரை எரிந்தால் செத்தவர் குறை ஒன்றுமில்லாமல் போயிருக்கிறார் என்று அர்த்தம், பாதியில் அணைந்தாலும் வெடித்து எரிந்தாலும் அவருக்குச் சொல்ல ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டுக்காரியைத் தெரு பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். வெற்றிலை போட்டவர்களின் வீட்டில் இந்தத் தொந்தரவு இல்லை, வெற்றிலை அணையாது.

கடையில் வேறு சுருட்டு வாங்கிவிடலாமே என்றாள் ரீத்தா. இன்னாசிமுத்து உயிரோடு இருந்தவரை வேறு சுருட்டை வாயில் வைத்ததில்லை, ஒரு கல்யாண வீட்டில் யாரோ கொடுத்ததை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் காறித் துப்பியவர். அப்படிப்பட்டவர் மண்ணுக்குள் போனதும் மட்டும் வாங்கிக்கொள்வாரா என்று அருளாயிக்குக் கவலை. காய்ந்ததையே வைத்தாலோ காகிதம் மாதிரி பற்றிக்கொண்டு வெடிக்கும். அழாதவள், வால்வைக் கேட்டவள், அவள் வைத்த சுருட்டு வெடித்தது என்று அமலோற்பவம் சாகும்வரை சொல்லுவாள். அதைவிட, அவரே அப்படிச் சொல்கிறார் என்று ஆகிவிடும். அதை நினைத்தால் அருளாயிக்குத் தூக்கம் போயிற்று.

சந்தை முக்கில் வெற்றிலை, சுருட்டுக் கடை வைத்திருக்கிற காஜாமைதீன் பாயிடம் ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதை முகர்ந்தார், காதருகே வைத்து உருட்டினார், செத்துப்போகவில்லை, தூங்குகிறது என்றார். எழுப்பலாம், ஆனால் நாற்பது நாள் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தில் போட்டால் மேல் இலை முதலில் உப்பி வெடித்துவிடும், உள்ளே காய்ந்தே கிடக்கும். ஒரு மண்பானையில் ஆற்றுமணலைப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாக நின்று விரலால் தட்டினால் உதிர்கிற அளவுக்கு நனைத்து, அதன்மேல் மூங்கில் சிம்பு குறுக்கே வைத்து, சுருட்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, சமையலறைச் சூடும் சோப்பு வாசமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பிவிட வேண்டும். விரலால் அழுத்தினால் சத்தமே இல்லாமல் அமுங்கி, விட்டால் தானாக எழுந்து வர வேண்டும், அன்றைக்குத்தான் பதம்.

"ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன் தங்கச்சி," என்றார் பாய். "போர் தண்ணி ஆகவே ஆகாது. உப்புப் பூத்துரும். நல்ல தண்ணிதான் வேணும்."

அங்கேதான் தவறு நடந்தது. அந்தத் தெருக்காரி ஒருத்தியால் மட்டும்தான் அப்படி ஒரு தவறைச் செய்ய முடியும். அருளாயி சொன்ன மாதிரியே எல்லாம் செய்தாள், மணலைச் சலித்தாள், சிம்பு சீவினாள், சுருட்டை அடுக்கினாள். ஆனால் அன்றைக்கு வீட்டில் ஒன்றரைக் குடம் நல்ல தண்ணீர்தான் இருந்தது, பிள்ளைத்தாய்ச்சி குடிக்க வேண்டும், கஞ்சி வைக்க வேண்டும். வியாழக்கிழமை தண்ணீர் வரும், அப்போது ஒரு செம்பு ஊற்றிக்கொள்ளலாம் என்று காய்ந்த மணலோடு பானை வாயைக் கட்டி, படுக்கிற அறையில் மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். வியாழக்கிழமை தண்ணீர் வரவில்லை. நாலாம் நாள் திருப்பிவிடுவதற்காகத் துணியை அவிழ்த்துக் கையை விட்டபோது, மணல் ஈரமாக இருந்தது. அள்ளிப் பிடித்தாள், உருண்டையாக நின்றது. விரலால் தட்டினாள், உதிர்ந்தது. ஒரு செம்புத் தண்ணீர் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, சுருட்டுகளைக் கால்வட்டம் திருப்பிவிட்டுப் பானையைக் கட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் எதிர்வீட்டுக் குழந்தை வாசற்படியில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டது. ரத்தத்தைப் பார்த்தது, வாயைத் திறந்தது, கொஞ்ச நேரம் திறந்தபடியே வைத்திருந்தது, பிறகு மூடிக்கொண்டு விளையாடப் போயிற்று.

அதிலிருந்து தெருவில் அழுகை நின்றுபோயிற்று. கண்ணீர் மட்டும் இல்லை, சத்தமும்தான். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் வராத தெருவில் ஒவ்வொன்றாக வராமல் போவது பழக்கம்தான், தபால்காரர் வருவது நின்றது, குப்பை வண்டி வருவது நின்றது, இப்போது இது என்று இருந்துவிட்டார்கள். தச்சர் சந்தியாகு இறந்தபோது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, வாயைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. கையை வெறுமனே வைத்திருக்க முடியாமல் ஒருத்தி வெங்காய விலையைப் பற்றி ஆரம்பித்தாள், சவப்பெட்டி கோயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது, சாமியார் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேற்குக் கடைசி வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகிற நேரத்தில் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சரி போய்ட்டு வா, சரி வர்றேன் என்று பிரிந்தார்கள். விட்டது தொல்லை என்று அனுப்புகிறார்களா என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குக் கோபம்.

தடுப்பூசி போட வந்த நர்சு, பதினேழு குழந்தையில் ஒன்றுகூட அழாத தெருவைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று எழுதிக்கொண்டு போனாள். வெங்காயக் கிடங்கில் தோல் உரிக்க இந்தத் தெருப் பெண்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், கண்ணைத் துடைக்க நிறுத்தாததால் மற்றவர்களைவிட ஒன்றரைப் பங்கு உரித்தார்கள். டி.வி. தொடரில் மருமகளைத் தெருவில் தள்ளினால், வானிலை அறிக்கை கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்கள். காதலித்தவள் கைவிட்டுப் போன ஒருவன் பக்கத்து ஊரிலிருந்து வந்து, இங்கே இருந்தால் வலி தெரியாதாமே என்று ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தான், நாலு நாளில் உடம்பு தேறி, யாருக்காக வந்தோம் என்பதை மறந்து கேரம் விளையாட ஆரம்பித்தான்.

கஷ்டம் என்று பார்த்தால் சண்டைக்காரர்களுக்குத்தான். ஆட்டோ ஓட்டுகிற அந்தோணிராஜுக்கும் அவன் மனைவிக்கும், அவள் தங்கைக்குக் குக்கரைத் தூக்கிக் கொடுத்த விஷயமாக ஆரம்பித்த சண்டை பதினாறு நாளாக முடியவில்லை. எப்போதும் ஒரு கட்டத்தில் அவள் அழுவாள், இவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவான், திரும்பி வரும்போது பூ வாங்கி வருவான். அந்தக் கட்டம் வராததால் இரண்டு பேரும் தொண்டை கட்டியும் நிறுத்த வழி தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அருளாயிக்கோ, சொல்லப்போனால், அது நல்ல காலம். அழாதவள் என்று அவளை இனி யார் சொல்ல முடியும்? சந்தியாகுவின் பெண்டாட்டியும் அழவில்லை, கல்யாணப் பெண்ணின் தாயும் அழவில்லை. அமலோற்பவம் குழாயடியில் பேச்சை ஆரம்பித்துப் பாதியில் விட்டாள், அவளுடைய சொந்தப் பேரன் துபாய்க்குப் போனபோது அவளுக்கே வரவில்லை. எல்லோரும் தன்னைப் போலாகிவிட்ட தெருவில் அருளாயி தலை நிமிர்ந்து கடைக்குப் போய் வந்தாள். நாலு நாளைக்கு ஒருமுறை பானையைத் திறந்தாள். சுருட்டுகள் எடை கூடிக்கொண்டு வந்தன, பழுப்பு போய்க் கறுப்பு திரும்பியது, அழுத்தினால் கேட்கிற சருகுச் சத்தம் தூரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் வந்த நாளிலும் அவள் மணலில் ஊற்றவில்லை.

இருபதாம் நாள் சுருட்டுகளின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பாயிடம் ஓடினாள். வெள்ளை இரண்டு வகை என்றார் அவர். பஞ்சு மாதிரி இருந்து, துடைத்தால் கறை விட்டால் பூஞ்சணம், தூக்கி எறிய வேண்டியதுதான். மாவு மாதிரி இருந்து, துடைத்தால் இலை பளபளத்தால் பயமில்லை. வீட்டுக்கு வந்து துடைத்தாள், இலை பளபளத்தது. விரலில் ஒட்டியதை என்னவோ தோன்றி நாக்கில் வைத்தாள்.

உப்பு. போர் தண்ணீரின் உப்பு தொண்டையில் போய்க் கடிக்கும், இது அப்படி இல்லை. மூக்கோரமாக இறங்கி உதட்டு முனைக்கு வந்து சேருமே, அந்த உப்பு. ஐந்தாம் வகுப்போடு போதும் என்று தகப்பனார் பள்ளிக்கூடத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த நாளில் வழி முழுக்க அவள் தின்றுகொண்டு வந்த உப்பு. இத்தனை வருஷம் கழித்தும் நாக்குக்கு அடையாளம் தெரிந்தது. மணலுக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு துணியைக் கட்டினாள். இன்னும் இருபது நாள்தானே.

இருபத்தாறாம் நாள் மூன்றாம் வீட்டு ஜெயசீலிக்கு ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளை அழவில்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள், பாதத்தில் சுண்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள், அது கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்ததே தவிர, வாயைத் திறந்து மூச்சை இழுக்கவில்லை. உதடு நாவற்பழ நிறத்துக்குப் போன பிறகு ஏதோ ஒரு குழாயை வைத்துக் காற்றை ஊதி உயிரைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாய் இந்தத் தெருவில் மூச்சு விட்டவள், பிள்ளை அவளுக்குள் இருந்தது, ஆஸ்பத்திரி எங்கே இருந்தால் என்ன. தெருவில் இரண்டு மூன்று பேருக்கு அப்போதுதான் முதல்தடவையாகப் பயம் வந்தது, ஆனால் அழாமல் பயப்படுவது பயம் மாதிரியே இல்லை, கைகால் மரத்துப்போன மாதிரிதான் இருந்தது, சீக்கிரம் மறந்துவிட்டார்கள்.

அருளாயி மட்டும் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். சுருட்டு பதத்துக்கு வருவது அக்டோபர் இருபத்தெட்டு. கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. ரீத்தாவுக்கு டாக்டரம்மா சொன்ன தேதி நவம்பர் பதினைந்து. அவர் கல்லறையில் சுருட்டு எரிந்து முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் கொளுத்திவிட்டால் தெருவுக்கு அழுகை திரும்பிவிடும், பிறகுதானே பிரசவம். எல்லாம் சரியாக வருகிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூட்டிப் பார்த்தாள்.

முப்பத்து மூன்றாம் நாள் காலையில், இட்லிக்கு உட்கார்ந்த ரீத்தா தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தேதிக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. வலி வந்து வந்து போயிற்று, ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்கிற்றே தவிரச் சத்தம் வரவில்லை. அந்தோணிராஜ் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோவை எடுத்து வந்தான். அமலோற்பவம் எங்கிருந்தோ வந்து மருமகளைத் தாங்கி ஏற்றினாள். நீ துணிமணி, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னால் வா என்று அருளாயியிடம் சொன்னாள். ஆட்டோவிலிருந்து ரீத்தா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "ஜெயசீலி பிள்ளை மாதிரி ஆயிருமாம்மா?"

ஆட்டோ முக்குத் திரும்பிய பிறகு அருளாயி உள்ளே வந்து பானையை அவிழ்த்தாள். ஒன்றை எடுத்து அழுத்தினாள். அமுங்கியது, எழுந்து வந்தது, ஆனால் ரொம்ப உள்ளே, காதை வைத்துக் கேட்டால், இன்னும் ஒரு சின்னச் சத்தம் இருந்தது. ஏழு நாள் பாக்கி. முதலில் முற்றத்து வெயிலில் முறத்தில் பரப்பினாள், காய்ந்தால் வாங்கியதை விட்டுவிடும் என்று. கால்மணி நேரம் பார்த்தாள். இலை பளபளத்துக்கொண்டே இருந்தது, கொடுப்பதற்கு அதற்கு அவசரம் ஒன்றுமில்லை. அடுப்பில் போட்டுவிடலாமா என்று யோசித்தாள். யார் யாருடையதோ, அடுப்பில் போட்டால் எந்த ஆகாயத்துக்குப் போகுமோ. ஆட்களிடமிருந்து வந்தது ஆட்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. ஒன்றை மட்டும் எடுத்து, அவருக்கு என்று இடுப்பில் செருகிக்கொண்டாள், மிச்சம் இருபத்துநாலையும் முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வீடு வீடாகப் போனாள். எங்கள் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போனது, இன்றைக்கே, இப்போதே பிடிக்க வேண்டும் என்று சொன்னாள். பழக்கமில்லாத பெண்களிடமும் நீட்டினாள். சந்தியாகுவின் விதவை கையில் வாங்கிக்கொண்டு, எதற்கு என்று கேட்டாள். தெருவே வாசலுக்கு வந்திருந்தது. அருளாயி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பார்வையைத் தரையில் வைத்துச் சொன்னாள்.

"உங்க யாருக்கும் அழுகை வராததுக்கு நான்தான் காரணம். இதை ஊற வைக்க மணல்ல நல்ல தண்ணி ஊத்தணும். நான் ஊத்தலை. அது உங்ககிட்ட இருந்து எடுத்துக்கிருச்சு."

அந்தோணிராஜின் மனைவி, கட்டிப்போன தொண்டையில், வருத்தமாகக் கேட்டாள்.

"ஒரு செம்புத் தண்ணிக்கா மதினி? கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே."

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி, அப்போ வெங்காயக் கிடங்கில் நாளைக்கு என்ன சொல்லுவது என்று கேட்டாள். அதற்குமேல் யாரும் அவளைத் திட்டவில்லை. அந்தத் தெருவில் நல்ல தண்ணீரை மிச்சம் பிடித்ததற்காக ஒருத்தியைத் திட்ட யாருக்கும் யோக்கியதை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிகளை எடுத்து வந்தார்கள்.

பகல் பத்தரை மணிக்குச் சம்மனசு தெருவில் இருபத்துநாலு சுருட்டு ஒன்றாகப் புகைந்தது. ஒன்றை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்தார்கள், இருமினார்கள், புகை சாய்ந்த பக்கமெல்லாம் பிள்ளைகள் நின்றார்கள். முதலில் சந்தியாகுவின் விதவைக்கு வந்தது, அன்றைக்கு வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டபோது வராதது முழுக்க வந்தது, அவள் மகன்கள் உளியையும் ரம்பத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள், மேற்குக் கடைசி வீட்டுக்காரி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு ஹலோ என்றுகூடச் சொல்லாமல் அழுதாள், பதினேழு குழந்தைகளும் ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு போட்ட வரிசைப்படியே அழுதன, எதிர்வீட்டுக் குழந்தை ஆறிப்போன முழங்காலைக் காட்டி அழுதது, அந்தோணிராஜின் மனைவி குக்கரை நினைத்து அழுதாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்த அவன் அந்த நேரத்தில் ஏன் வண்டியை நிறுத்திப் பூ வாங்கினோம் என்று தெரியாமல் வாங்கினான், காதலித்தவளை மறக்க வந்தவன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே கேரம் பலகையை மடித்து வைத்தான், டி.வி. தொடரில் தள்ளிவிடப்பட்ட மருமகளுக்காகச் சில பேர் தனியாக ஒரு பாட்டம் அழுதார்கள், முந்தின நாள்தான் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஜெயசீலி, மடியில் கிடந்த பிள்ளை வீறிட்டுக் கத்துவதைப் பார்த்து, கத்துடா கத்துடா என்று சொல்லிக்கொண்டே அதோடு சேர்ந்து அழுதாள்.

அருளாயி முறத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து தனக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அமலோற்பவம். பிறந்துவிட்டது, பெண் பிள்ளை என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. பின்னால் ஆட்கள் ஓடுகிற சத்தம், யாரோ பாதத்தில் சுண்டுகிற சத்தம் கேட்டது.

"மதினி," என்றாள் அருளாயி. "அழுதுச்சா?"

"இல்லடி. பார்க்குது. எல்லாரையும் பார்க்குது."

அருளாயியின் கை இடுப்புக்குப் போயிற்று. இருபத்தைந்தாவது சுருட்டு. மாதா படத்துக்குக் கீழே, அவளும் ரீத்தாவும் படுக்கிற பக்கமாகப் பானையின் ஓரத்தில் இருந்தது அதுதான், மற்றதைவிட அதற்குத்தான் எடை அதிகம். அதைக் கொளுத்திவிட்டால் கல்லறையில் வைக்க ஒன்றுமில்லை. மலையடிவாரத்தில் இனி யாரும் அதைச் சுற்றப்போவதில்லை. அவர் என்ன சொல்வாரோ, அவர் சொல்லாததையெல்லாம் சேர்த்துத் தெரு என்ன சொல்லுமோ. இத்தனையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் அவள் கவலைப்பட்டு முடித்தாள். பிறகு அதை வாயில் வைத்து, பக்கத்தில் இருந்தவளின் சுருட்டு நெருப்பிலேயே பற்றவைத்து இழுத்தாள். பதத்துக்கு வராத சுருட்டு, ஒருபக்கமாகவே எரிந்தது, கசந்தது. முதல் இழுப்பில் இருமல் வந்தது. இரண்டாவது இழுப்பில் நாக்கில் உப்புத் தட்டியது. மூன்றாவது இழுப்பில் காதில் வைத்திருந்த போனுக்குள், ரொம்ப தூரத்தில், பூனைக்குட்டி கதவைப் பிறாண்டுகிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்து, பிடித்துக்கொண்டு, உரத்து, ஒரு முழுக் கத்தலாக ஆயிற்று. அமலோற்பவத்தின் குரல் உடைந்து, ஏ அருளாயி கேக்குதாடி, கேக்குதாடி என்று அதோடு கலந்தது. அவள் தம்பிக்காகவும் பேரனுக்காகவும் சேர்த்து அழுகிறாள் என்று அருளாயிக்குப் புரிந்தது.

கேட்கிறது என்று சொன்னாள். சுருட்டைக் கடைசிவரை இழுத்தாள், விரல் சுடுகிறவரை இழுத்தாள். அது ரீத்தாவுடையதையும் பிள்ளையுடையதையும் கொடுத்து முடித்து அணைந்தது. அருளாயிக்கு ஒன்றும் வரவில்லை. பானைக்குள் அவளுடையது எதுவும் போயிருக்கவில்லை, போவதற்கு அப்போதே இருந்திருக்கவில்லை. சேலையில் விழுந்த சாம்பலைத் தட்டிவிட்டு, துணிமணியையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கல்லறைத் திருநாளன்று தெரு முழுக்க இன்னாசிமுத்துவைச் சுற்றி நின்றது. அமலோற்பவம் கடையில் வாங்கிய புதுச் சுருட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். வாங்கிப் பற்றவைத்து நட்டாள் அருளாயி. பாதிவரை எரிந்தது. பாதியில், காற்றே இல்லாதபோது, அணைந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அமலோற்பவம் மட்டும் மெழுகுவத்தியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"ஏதோ சொல்ல இருக்கு அவருக்கு," என்றாள் அருளாயி. "சொல்லட்டும்."

எல்லோரும் நகர்ந்த பிறகு கல்லறையின் தலைமாட்டைக் கையால் துடைத்துக்கொண்டே, வால்வை அடைத்துவிட்டுத்தான் விழுந்தீர்களாம், உங்கள் வேலைக்குப் புதிதாக வந்த ஆள் சொன்னான் என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் ரீத்தா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அருளாயி சுவரில் சாய்ந்து காலை நீட்டி, பன்னிரண்டு நாள் பேத்தியைக் கால்மேல் போட்டிருந்தாள். அது அழுதது. எதற்கு என்று இல்லாமல், உள்ளங்கை இரண்டையும் இறுக்கிக்கொண்டு, முகம் சிவந்து, நிறுத்தி நிறுத்தி நன்றாக அழுதது. அருளாயி ஆட்டவில்லை, தட்டவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது தெருக் கோடியிலிருந்து, தண்ணி வந்திருச்சு என்று குரல் வந்தது. குடங்கள் ஒன்றோடொன்று மோதின, கதவுகள் திறந்தன, செருப்பில்லாத கால்கள் ஓடின. பதினோரு நாளாகியிருந்தது. வீட்டில் அரைக்குடம்கூட இல்லை.

பேத்தி அழுகையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்தது. அருளாயியின் மடியில் வெதுவெதுப்பாக ஒன்று இறங்கிற்று, சேலையில் பரவிற்று, துணி தாண்டித் தொடையில் பட்டது.

வாசலில் அந்தோணிராஜின் மனைவி இரண்டு கையிலும் குடத்தோடு நின்று எட்டிப் பார்த்தாள். என்ன மதினி, உங்க குடம் எங்கே, அரைமணி நேரம்தான் விடுவான் என்றாள்.

"நீ போ தாயி," என்றாள் அருளாயி. "நான் நனைஞ்சு உக்காந்திருக்கேன்."

தண்ணீர் அரைமணி நேரம் வந்தது, நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.